தப்புக்காய்

எங்கள் ரிஷிவந்தியம் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்ற சொல் வாயில் உருண்டு உருண்டு தேய்ந்துபோன வடிவம் அது. செடியைப் பிடுங்கும்போது எல்லாக் காயும் செடியோடு வந்துவிடாது. மண் இறுகியிருந்தால் காம்பு அறுந்து காய் உள்ளேயே தங்கிவிடும். அதுதான் தப்புக்காய். அறுவடை முடிந்த கொல்லையில் களைக்கொத்தோடு இறங்கி, மண்ணைக் கிளறி அதைப் பொறுக்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவோடு நானும் போவேன். சாயங்காலத்துக்குள் ஒரு படி சேர்ந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

ஒரு வருஷம் ஒரு கொல்லைக்காரர் எங்களை உள்ளே விடவில்லை. "தப்புனாலும் அது என் காய்தான்" என்றார். மறுநாளே ஏர் ஓட்டிவிட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் மட்டும், "அவன் சொல்றதுல என்னா தப்பு, அவன் நெலம்" என்றாள். அந்த வயதில் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

பதில் மாதிரி ஒன்றைக் கல்லூரி விடுதியில்தான் படித்தேன். அறைத்தோழனின் வேதாகமத்தில் ரூத் என்ற சிறிய புத்தகம். நான்கே அதிகாரம், 85 வசனம். பெத்லகேமில் பஞ்சம். நகோமி கணவனோடும் இரண்டு மகன்களோடும் மோவாபுக்குப் பிழைக்கப் போகிறாள். (பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்பத்தின் வீடு. அங்கேயே அப்பம் இல்லை!) போன இடத்தில் கணவன் சாகிறான், மகன்களும் சாகிறார்கள். ஊரில் மறுபடி விளைச்சல் என்று கேள்விப்பட்டுத் திரும்பும்போது மோவாபிய மருமகள் ரூத் கூடவே வருகிறாள். இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக்கு வழியில்லை. ரூத் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். அவள் போய் நிற்கும் வயல், நகோமியின் புருஷன் வழிச் சொந்தக்காரனான போவாசுடையது.

தெய்வச் செயல் பற்றிப் பேசுகிற பிரசங்கிகள் எல்லாரும் இந்த இடத்தில்தான் நிற்பார்கள். ஆனால் கதைசொல்லி இங்கே கடவுள் பெயரையே எடுப்பதில்லை. தற்செயலாக அந்த வயல் அவளுக்கு நேர்ந்தது என்கிறான், அவ்வளவுதான். எபிரேய மூலத்தில் ஒரே வேரிலிருந்து வரும் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன; ஏதோ தற்செயலே தற்செயலாக நடந்ததுபோல. கடைசியில் ரூத் கருவுறும்போதுதான் கடவுள் செய்தார் என்று அவன் தன் வாயால் சொல்கிறான். நடுவில் நடப்பதெல்லாம் மனிதர்கள் செய்வது.

அப்படி மனிதர்கள் செய்வதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அறுக்கும்போது வயலின் ஓரத்தை முற்றாக அறுக்கக் கூடாது, சிந்தினதைப் பொறுக்கக் கூடாது, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது என்கிறது லேவியராகமம். ஆக, தப்பினது கொல்லைக்காரருடையது அல்ல! போவாஸ் அதற்கும் ஒரு படி மேலே போகிறான். கட்டிலிருந்து கொஞ்சம் உருவி வேண்டுமென்றே விட்டுவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று ஆட்களிடம் சொல்கிறான். அன்று அவள் பொறுக்கி அடித்தது ஒரு எப்பா வாற்கோதுமை, சுமார் 22 லிட்டர். பொறுக்கினவர்களுக்குத் தெரியும், ஒரே நாளில் அது சேரவே சேராது. யாரோ உருவி விட்டால்தான் சேரும்.

இந்தப் புத்தகம் தமிழுக்கு வந்த கதை எனக்கு இன்னும் பிடிக்கும். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பிறகு பழைய ஏற்பாட்டை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர், 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்துபோனார். அதுவரை வந்து சேர்ந்திருந்த இடம் ரூத். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. நீ சாகும் இடத்தில் நானும் செத்து அங்கேயே அடக்கமாவேன் என்று மாமியாரிடம் சொல்கிற ஒரு பரதேசிப் பெண்ணின் வார்த்தைகளைத் தமிழாக்கியவரை, அவரே கட்டி 1718இல் திறந்த புதிய எருசலேம் ஆலயத்தில் புதைத்தார்கள். இதையும் தெய்வச் செயல் என்பார்கள். நான் தற்செயல் என்றுதான் சொல்வேன். ஆனாலும் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறும்.

1860களில் மறுபடியும் டேனிஷ்காரர்கள் வந்தார்கள், இந்த முறை எங்கள் தென்னார்க்காட்டுக்கே. மேல்பட்டாம்பாக்கம், திருக்கோவிலூர் என்று பரவினார்கள். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்தது. அதற்கு நடுவில்தான் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் பஞ்ச காலத்தில் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள். அரிசிக்காக மாறினவர்கள் என்ற ஏளனம் இன்றுவரை அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் துரத்துகிறது. ரூத்தும் சோறு இருக்கிறது என்று கேள்விப்பட்ட ஊருக்குத்தானே மாமியார் பின்னால் நடந்தாள்? அவளுடைய பக்தியை யாரும் எடை போடவில்லை. தாவீது அரசனின் கொள்ளுப்பாட்டி என்று வம்சாவளியில் எழுதிவைத்தார்கள்.

எடை போட்டது வெள்ளை அரசாங்கம். 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதை வைத்து வேலை செய்கிற உடம்பு உயிரோடிருக்காது என்று சண்டை போட்டார். சில மாதம் கழித்துத்தான் கூலி திருத்தப்பட்டது. போவாஸின் வயலில் பொறுக்குபவளுக்கு அளவு கிடையாது. டெம்பிளின் ஏற்பாட்டில் அளவைத் தவிர வேறொன்றும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் கடவுள் எங்கே நின்றார் என்று கேட்டால், கதிரை உருவி விட்ட அந்தக் கூலியாட்களின் கையில் என்பேன். புத்தகத்தில் அவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் போவாசுக்கு எத்தினி ஏக்கரு?"

"அதெல்லாம் போடலம்மா."

இன்னும் நாலு காய் உரித்தாள். நகோமிக்கு ரெண்டு மருமகள் என்று சொன்னேனே, இன்னொருத்தி எங்கே என்றாள். ஒர்பாள் என்று பெயர், பாதி வழியில் அழுதுவிட்டு அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்டாள் என்றேன்.

"அப்பறம் அவ என்னா ஆனா?"

எழுதவில்லை. முதல் அதிகாரத்தோடு அவள் கதை முடிந்துவிடுகிறது.

"அவளும் புருசன் செத்தவதான" என்று சொல்லி, முறத்தைத் தட்டித் தோலைப் புடைக்க எழுந்து போனாள்.