வர்ணம் பாதியில் கேமரா நின்றுவிட்டால்? மேடை நிகழ்ச்சிக்கு எந்த வீடியோ கேமரா சரி?

பரதநாட்டிய அரங்கேற்றம் என்பது ஏழெட்டு வருட உழைப்பு இரண்டரை மணி நேரத்தில் மேடையேறும் நாள். கல்யாண வீடியோ என்றால், 'இன்னொரு தடவை மாலையைப் போடுங்க' என்று கேட்டுவிடலாம். மேடையில் அது நடக்காது. அன்று பதிவானதுதான் கடைசிவரை மிச்சம்.

ஆனால் கேமரா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, '4கே இருக்கா? எத்தனை மெகாபிக்சல்?' என்பதைத்தான். மேடைக்கு இவை இரண்டும் கடைசிக் கேள்விகள். நிற்காமல் எவ்வளவு நேரம் ஓடும், எவ்வளவு தூரம் எட்டும், வெளிச்சத்தையும் ஒலியையும் கையால் கட்டுப்படுத்த முடியுமா? முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

29 நிமிடம் 59 விநாடி சிக்கல்

அலாரிப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். நிகழ்ச்சியின் நடுநாயகமான வர்ணம் அப்படியில்லை. அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை போகும். பழைய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 விநாடி ஆனதும் தானாகவே பதிவை நிறுத்திவிடும். கவனிக்காமல் விட்டால், சரண ஸ்வரம் ஆடும் நேரத்தில் திரையில் ஒன்றும் ஓடாது.

இதற்குப் பின்னால் இருந்தது ஒரு வரிக் கணக்கு. 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் 'வீடியோ கேமரா' என்று வகைப்படுத்தி, கூடுதல் சுங்க வரி விதித்தது. அதைத் தவிர்க்க நிறுவனங்கள் ஒரு விநாடி முன்னதாகவே நிற்கும்படி போட்டோ கேமராக்களை அமைத்தன. அதே கேமராக்கள் இங்கேயும் விற்பனைக்கு வந்தன. புதிய மாடல்கள் பலவற்றில் இந்த வரம்பு இல்லை. ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதைக் கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது.

வரம்பு இல்லாவிட்டாலும் சூடு இருக்கிறது. சின்ன உடம்புள்ள மிரர்லெஸ் கேமராக்கள் 4கே-யில் வெகுநேரம் ஓடினால் சூடாகி அணைந்துபோக வாய்ப்புண்டு. ஏசி அரங்கில் தாக்குப்பிடித்த கேமரா, சித்திரை மாதத்தில் திறந்தவெளியில் தாக்குப்பிடிக்கும் என்று நம்ப முடியாது. மணிக்கணக்கில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட கேம்கார்டருக்கு இந்தத் தொல்லை குறைவு.

கார்டு கணக்கும் முக்கியம். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும். இரண்டரை மணி நேரத்துக்கு 112 ஜிபிக்கு மேல். 128 ஜிபி கார்டு போட்டுக்கொண்டு போனால் மங்களம் வரை நெஞ்சு படபடக்கும். இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால், ஒன்று நிறைந்ததும் மற்றொன்றுக்குத் தானாக மாறும்படி வைக்கலாம். அல்லது இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்கு முதல் வழி. திரும்ப வராத அரங்கேற்றத்துக்கு இரண்டாவது வழிதான் பாதுகாப்பு.

கடைசி வரிசையிலிருந்து முகம் தெரியுமா?

கேமராவுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அரங்கின் பின்பகுதி. மேடையிலிருந்து 20 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேம் கணக்கில், 10 மீட்டர் அகல மேடை முழுதும் தெரிய சுமார் 70 மி.மீ. லென்ஸ் போதும். ஆடுபவரின் முழு உருவம் திரையை நிறைக்க 160 மி.மீ. தேவை. முகமும் கையும் மட்டும் தெரியும்படி நெருங்க 400 மி.மீ. வரை போகணும்.

வர்ணத்தில் இந்த மூன்றுமே மாறி மாறி வேண்டியிருக்கும். ஜதி வரும்போது பாதம் தெரியணும். காலை வெட்டிவிட்டு முகத்தைக் காட்டினால் ஆடியவருக்கும் கோபம் வரும், குருவுக்கும் கோபம் வரும். அபிநயம் வரும்போதோ கண்ணும் முத்திரையும் தெரியணும். லென்ஸை மாற்ற அங்கே நேரம் ஏது?

அதனால்தான் நீள ஜூம் உள்ள கேம்கார்டர் இன்னும் மேடையை விட்டுப் போகவில்லை. சோனி பிஎக்ஸ்டபிள்யூ இசட்90-ல் 12 மடங்கு ஜூம், 29 மி.மீ. முதல் 348 மி.மீ. வரை. பானாசோனிக் எச்சி எக்ஸ்2000-ல் 24 மடங்கு, 600 மி.மீ. வரை எட்டும். ஆனால் இதன் சென்சார் சோனியுடையதைவிடச் சின்னது. இருட்டுக் காட்சியில் புள்ளி புள்ளியாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

பெரிய சென்சார் இருட்டில் கெட்டிக்காரன்தான். அதற்கும் ஒரு விலை உண்டு. ஏபிஎஸ்-சி கேமராவில் 200 மி.மீ. லென்ஸை எஃப்2.8-ல் திறந்து 20 மீட்டர் தூரத்தில் எடுத்தால், ஃபோகஸில் இருப்பது சுமார் ஒரு மீட்டர் ஆழம் மட்டுமே. ஆடுபவர் இரண்டடி பின்னால் போனாலே முகம் மங்கத் தொடங்கும். போதாக்குறைக்கு, போட்டோ லென்ஸ்கள் பலவற்றில் ஜூம் செய்யும்போது ஃபோகஸ் நகர்ந்துவிடும். விலை குறைந்தவற்றில் வெளிச்சமும் குறையும்.

கறுப்புத் திரை, வெளுத்த முகம்

மேடையில் ஆட்டோ எக்ஸ்போஷர் அநேகமாக ஏமாந்துபோகும். பின்னால் கறுப்புத் திரை, நடுவில் ஒருவர் மேல் மட்டும் ஸ்பாட் லைட். 'ஒரே இருட்டா இருக்கே' என்று நினைத்து கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடும். முகம் வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். அப்படி எரிந்துபோன முகத்தை எடிட்டிங்கில் மீட்க முடியாது. கொஞ்சம் இருட்டாக எடுத்ததை ஓரளவு சரிசெய்யலாம்.

ஆகவே ஐரிஸ், கெயின், ஷட்டர் மூன்றையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் மாற்ற வசதி வேண்டும். மெனுவுக்குள் போய்த் தேட வேண்டிய கேமரா மேடைக்கு லாயக்கில்லை. அதிக வெளிச்சம் விழும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டும் 'ஸீப்ரா' வசதியும் அவசியம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், ஒவ்வொரு லைட் மாற்றத்துக்கும் புடவையின் நிறமே மாறும்.

எல்இடி விளக்குகளால் படம் துடித்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்துப் பார்க்கணும். இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கு. எல்இடி திரையில் கோடுகள் ஓடினால் அதற்கு ஷட்டர் வேகத்தை நுணுக்கமாக மாற்றும் வசதி வேண்டும்.

சலங்கைச் சத்தம் எங்கே போச்சு?

கேமராவில் உள்ள மைக் பக்கத்து சீட் இருமலைத்தான் நன்றாகப் பிடிக்கும். இன்னொரு சங்கதி: ஒலி 20 மீட்டர் கடந்து வர சுமார் 58 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 25 ஃபிரேம் வீடியோவில் இது ஒன்றரை ஃபிரேம் தாமதம். காலைத் தட்டிய பிறகு சத்தம் வருவது போல ஒரு உறுத்தல் இருக்கும்.

எனவே மிக்சரிலிருந்து நேரடியாக ஒலி வாங்க எக்ஸ்எல்ஆர் இன்புட் உள்ள கேமரா நல்லது. அப்போது கேமராவில் 'லைன்' என்று மாற்றணும். 'மைக்' என்றே விட்டால் பாட்டு முழுக்கக் கரகரவென்று உடைந்துபோகும். மிக்சரில் பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம் எல்லாம் வரும். மேடைத் தரையில் தனி மைக் இல்லாவிட்டால் சலங்கை வராது. மேடை ஓரத்தில் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்து, பிறகு சேர்த்துக்கொள்வது பலர் செய்யும் வழி.

அப்போ, எதை வாங்கலாம்?

ஒரே ஆள், ஒரே கேமரா என்றால் ஒரு இன்ச் சென்சார், எக்ஸ்எல்ஆர், இரண்டு கார்டு உள்ள கேம்கார்டர்தான் பத்திரமான தேர்வு. ஏற்கெனவே நல்ல மிரர்லெஸ் வைத்திருப்பவர் புதிதாக வாங்கத் தேவையில்லை. நேர வரம்பு இல்லை, கரண்டில் செருகியபடியே ஓடும் என்பதை உறுதி செய்துகொண்டு, 70-200 லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம். மிச்சக் காசை ஃப்ளூயிட் ஹெட் உள்ள ட்ரைபாடில் போடலாம். 400 மி.மீ.-ல் ட்ரைபாட் ஆடினால் எந்த கேமராவும் காப்பாற்றாது.

செல்போனுக்கும் வேலை இருக்கிறது. ஜூம் பக்கமே போகாமல், மேடை முழுதும் தெரியும்படி ஒரு ஸ்டாண்டில் வைத்துவிட்டால், முக்கிய கேமரா தவறவிட்டதை மூட உதவும். ஏரோப்ளேன் மோடு போட மறக்கக் கூடாது. நடுவில் கால் வந்தால் பதிவு நின்றுபோகலாம்.

எதை எடுத்தாலும், அரங்கத்தில் பதிவு செய்ய அனுமதி உண்டா, கேமரா எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடணும். லைட்டோடு நடக்கும் ஒத்திகைக்குக் கேமராவைக் கொண்டுபோய் ஒரு முழு வர்ணத்தையும் நிறுத்தாமல் எடுத்து, வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கலாம். கேமராவின் சின்னத் திரையில் தெரியாத ஃபோகஸ் பிழை அங்கே தெரிந்துவிடும்.