பொம்மைச் சிப்பாயும் மாத்தளைச் சரித்திரமும்

ஈயத்தாலும் தகரத்தாலும் வார்க்கப்பட்ட சிறு சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி விளையாடுவது ஐரோப்பியச் சிறுவர்களின் பழைய வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்தார் தட்டையான தகர வீரர்களை வார்த்து உலகெங்கும் அனுப்பினர். 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் நிறுவனம் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களைச் செய்து மலிவாக விற்கத் தொடங்கியது. காலப்போக்கில் சிறுவரின் விளையாட்டு பெரியோரின் கலையாயிற்று. விரல் நீளமே உள்ள உருவங்களை வாங்கி, இன்ன ஆண்டு, இன்ன போர், இன்ன படை என்று தேர்ந்து, உடையின் ஒவ்வோர் அங்கத்துக்கும் உரிய வர்ணத்தைத் தூரிகையால் தீட்டி அழகு பார்ப்போர் இன்று பல நாடுகளில் உள்ளனர்.

இவர்களிடையே ஓயாது எழும் கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சட்டை உண்மையில் என்ன நிறம்? கேட்பவருக்கு இது வீண் ஆராய்ச்சியாகத் தோன்றலாம். சிவப்பென்றால் சிவப்பு, பச்சையென்றால் பச்சை. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சிப்பாயின் சட்டை நிறம் அவன் யார், யாருக்காகப் போரிட்டான் என்பதைச் சொல்லும் சாட்சி. அந்தச் சாட்சியைத் தவறாகப் பூசினால் சரித்திரமும் தவறிப்போகும். இலங்கையின் மாத்தளை மாவட்டம் கண்ட இரண்டு போர்களே இதற்குத் தக்க சான்று.

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் பழம் பாதையில், மலைநாட்டின் வாயில்போல அமைந்திருப்பது மாத்தளை. அதற்கப்பால் நாலந்தா, தம்புள்ளை என்று தாழ்ந்து செல்லும் அப்பாதை வழியாகவே படைகள் கண்டிக்கு ஏறின. பிற்காலத்தில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாகத் தோட்டங்களை நோக்கி நடந்ததும் இவ்வழியேதான்.

1803-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டியைக் கைப்பற்றியது. ஒரு பிரிவு கொழும்பிலிருந்தும் மற்றொரு பிரிவு திருகோணமலையிலிருந்தும் வந்து சேர்ந்தன. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு எதிராக, நாயக்க மரபினரான முத்துசாமியை ஆங்கிலேயர் அரியணையில் அமர்த்தினர். திருகோணமலைப் பாதையைக் காப்பதற்காக மாத்தளையில் ஒரு கோட்டை எழுந்தது. சேனாதிபதியின் பெயரால் அது மக்டோவல் கோட்டை எனப்பட்டது. ஜூன் மாத இறுதியில் கண்டியில் இருந்த ஆங்கிலக் காவற்படை சரணடைந்து அழிந்தது, முத்துசாமியும் கொல்லப்பட்டார். அச்செய்தி எட்டியதும் மாத்தளைக் கோட்டையில் இருந்த 19-ஆம் காலாட்படைக் கேப்டன் மாட்ஜ் கோட்டையைக் கைவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார்.

இந்த 19-ஆம் படையின் சிப்பாயை எப்படித் தீட்டுவது? ஆங்கிலக் காலாட்படையின் பொது நிறம் சிவப்பு. ஆனால் கழுத்துப்பட்டியிலும் கைமடிப்பிலும் ஒவ்வொரு படைக்கும் தனித்தனி நிறம் உண்டு. 19-ஆம் படைக்கு அது பச்சை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹவார்ட் என்னும் ஒரே பெயருடைய தளபதிகள் இருவர் இரண்டு படைகளை நடத்தியபோது, ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிய இந்தப் பச்சையே உதவிற்று. ‘பச்சை ஹவார்ட்’ என்ற பெயரும் அப்படைக்கு நிலைத்தது. கடுகளவு இடத்தில் பூசப்படும் அந்தப் பச்சைதான் ‘இவன் மாத்தளையில் நின்ற படையைச் சேர்ந்தவன்’ என்று காட்டுகிறது.

சிவப்பிலும் இரண்டு வகை உண்டு. சாதாரணச் சிப்பாயின் கம்பளிச் சட்டை மஞ்சிட்டி இனத்து வேரினால் சாயம் ஏற்றப்பட்டது. அது செங்கல்லை நினைவூட்டும் மங்கலான சிவப்பு. அதிகாரியின் சட்டையோ, மெக்சிக்கோ நாட்டுக் கள்ளிச்செடியில் வளரும் கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்தி, வெள்ளீய உப்புச் சேர்த்து எடுத்த சாயத்தால் நனைந்தது. அது கண்ணைப் பறிக்கும் செந்தூரச் சிவப்பு. மன்னாரிலும் வடபகுதி மணற்பரப்பிலும் சாயவேர் தோண்டித் துணிக்குச் சிவப்பேற்றிய தமிழருக்கு, வேரின் சிவப்புக்கும் பூச்சியின் சிவப்புக்கும் உள்ள வேற்றுமை புதிதன்று. ஒரே டப்பாச் சிவப்பை அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் பூசும் ஓவியன் அப்படையின் மேல் கீழ் வரிசையையே அழித்துவிடுகிறான். சம்பளத்திலும் சாப்பாட்டிலும் இருந்த பேதம் சாயத்திலும் இருந்தது.

அதே போரில் ஆங்கிலேயர் பக்கம் மலாயர்களும் நின்றனர். டச்சுக்காரர் காலத்தில் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட போர்வீரர்களின் சந்ததியார் அவர்கள். 1796-இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது அவர்களும் புதிய எஜமானரின் சேவைக்கு மாறினர். 19-ஆம் படையைச் சேர்ந்த ராபர்ட் பெர்சிவல், 1803-இல் வெளியான தம் இலங்கை நூலில், மலாய் வீரரின் உடை ஐரோப்பியச் சிப்பாயின் உடையைப் போன்றதே என்றும், காலணிக்குப் பதிலாக ஒருவகை மிதியடி அணிந்தனர் என்றும் குறித்திருக்கிறார். கண்டி மன்னனின் சேவையிலும் மலாயர் இருந்தனர். ஆங்கிலப் படையிலிருந்த கேப்டன் நூருதீன் சிறைப்பட்டபின் மன்னனின் பணியை ஏற்க மறுத்து உயிரிழந்தார். ஒரே இனத்தார், ஒரே மொழியார் எதிரெதிரே நின்ற அப்போரில், ஒருவரை மற்றவரினின்று பிரித்துக் காட்டியது முகமன்று. மேனியில் இருந்த உடையே.

1827-ஆம் ஆண்டில் ஒரு மாறுதல் நேர்ந்தது. இலங்கையில் திரட்டப்பட்ட படைகளை ஒன்றாக்கி ‘சிலோன் ரைபிள் ரெஜிமெண்ட்’ என்னும் பட்டாளம் அமைக்கப்பட்டது. அதில் பெரும்பாலோர் மலாயர். ரைபிள் படையென்றால் சிவப்புச் சட்டை இல்லை. மரத்தின் பின்னும் புதரின் பின்னும் மறைந்து, குறிபார்த்துச் சுடுவது அவ்வகைப் படையின் தொழில். ஆகவே கரும்பச்சைச் சட்டையும், வெள்ளை வாருக்குப் பதிலாகக் கறுப்புத் தோல்வாரும், பளபளக்காத கறுப்புப் பொத்தான்களும் ரைபிள் படைகளின் பொது மரபாயின. 1803-இல் சிவந்து நின்ற மலாய்ச் சிப்பாயை 1848-இல் கரும்பச்சையில் தீட்ட வேண்டும்.

1848 மாத்தளைச் சரித்திரத்தில் மறக்கவொண்ணாத ஆண்டு. துப்பாக்கிக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி. அதற்குமேல் வீதி வேலைக்கு ஆறு நாள் உடலுழைப்பு, அல்லது அதற்கீடான பணம். பொறுக்க மாட்டாத மக்கள் திரண்டனர். ஜூலை மாத இறுதியில் தம்புள்ளைக் குகைக்கோவிலில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். வீர புரன் அப்பு அவருடைய தளபதியானார். கூட்டம் மாத்தளையை நோக்கி வந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. பின்னர் வாரியபொல தோட்டத்தருகே கேப்டன் லில்லியின் படை அவர்களை எதிர்கொண்டது. புரன் அப்பு பிடிபட்டு, ஆகஸ்டு 8-ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தக் காட்சியைச் சிற்றுருவங்களால் அமைக்க முற்படுவோர், ‘ஆங்கில ஆட்சி, ஆகவே சிவப்புச் சட்டை’ என்று எண்ணிச் சிப்பாய்கள் அனைவரையும் சிவப்பாக்கிவிடுவதுண்டு. சிவப்புச் சட்டைக்கும் அன்று இடமுண்டுதான். மஞ்சள் கழுத்துப்பட்டியணிந்த 15-ஆம் ஆங்கிலக் காலாட்படை அவ்வேளையில் இலங்கையில் இருந்தது. ஆனால் ரைபிள் பட்டாளத்தானைச் சிவப்பாக்கினால், வெள்ளையர் ஒருபுறமும் இந்நாட்டார் மறுபுறமும் நின்ற எளிய கதையாக 1848 சுருங்கிவிடும். செப்டம்பர் 21-ஆம் நாள், மாத்தளைக்குக் கிழக்கே எல்கடுவையில் ஒளிந்திருந்த கொங்காலேகொட பண்டாவைக் கண்டுபிடித்துக் கைதுசெய்தவர்கள் மலாய்ச் சிப்பாய்கள். தூக்குத் தண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டு, பண்டா மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார்; 1849-இல் அங்கேயே மாண்டார். இலங்கையில் மலாயர் கையில் சிறைப்பட்டவர் மலாய் நாட்டில் உயிர்விட்டார். இந்தச் சிக்கலான உண்மையைச் சுமந்து நிற்பது அந்தக் கரும்பச்சைச் சட்டை.

எதிரணியில் நின்றோரின் நிறம் யாது? அவர்களுக்குச் சீருடை இல்லை. கிராமத்து உழவனுக்கு இடுப்பில் வெளுக்காத பருத்தித் துணியே உண்டு. தூய வெள்ளையை எடுத்துப் பூசினால் அது சலவைக்காரன் வீட்டிலிருந்து வந்த துணியாகிவிடும். மண்ணும் வியர்வையும் ஏறிய பழுப்பு வெள்ளையே பொருந்தும். 1848 ஆகஸ்டு 26-ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்ட குடாபொல தேரரின் துவராடையும் அந்த வரிசையில் சேர வேண்டியது. அவர் துறவாடையுடனேயே சுடப்பட்டார் என்பது பெருங் கொந்தளிப்பை எழுப்பி, இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை சென்றது. தேசாதிபதி டொரிங்டன் 1850-இல் திருப்பியழைக்கப்பட்டார். அக்காலத் துவராடைக்குப் பலாமரத்து வைரத்தைக் காய்ச்சிச் சாயமேற்றுவர். மஞ்சளுக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட அந்த நிறத்துக்கு, இன்று கடைகளில் காணும் பளிச்சென்ற காவி ஈடாகாது.

இனி, சரியான நிறத்தை எங்கே தேடுவது? பழைய சட்டையே கிடைத்தால் ஐயமில்லை என்று கருதுவர். அதிலும் ஓர் இடர் உண்டு. இரசாயனச் சாயங்கள் தோன்றுமுன் துணிக்குப் பச்சை ஏற்ற அவுரி நீலத்தின்மேல் மஞ்சள் சாயம் கொடுப்பர். வெயிலில் முதலில் மறைவது மஞ்சள். ஆதலால் அக்காலத்துப் பச்சைத் துணி பல, காட்சிச் சாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இன்று நீலம் பாய்ந்து கிடக்கும். மாத்தளை மாவட்டத்துப் பல்லேஹப்புவித கிராமத்து அரக்கு வேலைக்காரர் பரம்பரையாக அறிந்த செய்தி இது. சாதிலிங்கத்தால் சிவப்பும் அரிதாரத்தால் மஞ்சளும் தனியே பிறக்கின்றன. பச்சை மட்டும் நீலமும் மஞ்சளும் கலந்தே பிறக்கிறது. கலந்து பிறந்த நிறம் ஒன்றைக் கண்டால், அதன் பங்காளிகளில் எவர் முதலில் விலகியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழைய ஓவியத்தை நம்பலாமா? தம்புள்ளையின் இரண்டாம் குகையில் எல்லாள மன்னனும் துட்டகைமுனுவும் யானைமீதமர்ந்து பொரும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. அப்போர் கிறிஸ்துவுக்கு முற்பட்ட 2-ஆம் நூற்றாண்டினது. இன்று அங்குக் காணும் ஓவியங்களோ பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் கண்டி மரபைச் சேர்ந்தவை. இடைவெளி ஏறத்தாழ 1,900 ஆண்டுகள். அச்சித்திரக்காரன் தன் காலத்து உருவங்களையும் உடைகளையும் பழைய வீரர்களுக்கு அளித்தான். அது கலையின் உரிமை. ஆனால் அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் கொண்டு எல்லாளன் படைக்கு நிறம் தீர்மானிப்பது தவறாகும். ஓவியம், முதலில், அது தீட்டப்பட்ட காலத்துக்கே சாட்சி.

ஆகவே எழுதப்பட்ட ஆணை, நேரிற் கண்டவர் குறிப்பு, எஞ்சிய துணி, சமகால ஓவியம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவுக்கு வருதல் முறை. பின்னர்க் கையாளும் நுட்பமும் ஒன்றுண்டு. சிறிய உருவத்தில் எந்த நிறமும் இருண்டு தோன்றும். உண்மையான கரும்பச்சையை விரலளவுச் சிப்பாய்க்குப் பூசினால் அவன் கறுப்புச் சட்டைக்காரனாகவே காட்சியளிப்பான். ஆதலால் தேர்ந்தவர் நிறத்தைச் சிறிது வெளிறச் செய்து, மடிப்புகளில் மட்டும் கருமையை விடுவர். அளவின் பொருட்டு நிறத்தை இளக்கலாம். தெரியாமையின் பொருட்டு மாற்றலாகாது.

மாத்தளையில் மக்டோவல் கோட்டையின் வாயில் இன்றும் நிற்கிறது. உள்ளிடம் கல்லறைத் தோட்டமாகிவிட்டது. சிலோன் ரைபிள் பட்டாளமோ 1873-இல் கலைக்கப்பட்டது. அச்சிப்பாய்களில் மிகப் பலரின் பெயரைச் சொல்லுவார் இன்று இல்லை. அவர்கள் இன்னார் என்று உணர்த்த எஞ்சியிருப்பவை சட்டையின் நிறமும் கழுத்துப்பட்டியின் நிறமும். தூரிகையைத் தொடுமுன் அவற்றை விசாரித்து அறிபவர், பெயரழிந்த அம்மனிதருக்கு அவர்களுடைய அடையாளத்தையேனும் திருப்பித் தருகிறார்.