ஹெலிகாப்டர் ஓட்டுறதே வேலையா இருந்தா எப்படி இருக்கும்? ரெட்டியார்சத்திரம் டு கொடைக்கானல்... ஒரு கற்பனைப் பயணம்!

திண்டுக்கல்லிலிருந்து பழநி போகிற ரோட்டில் ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டும்போது, தலைக்கு மேலே 'தட தட'ன்னு ஒரு சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள்? பைக்கை ஓரங்கட்டிவிட்டு, நெற்றியில் கையை வைத்து, அந்தப் புள்ளி மறைகிறவரை பார்ப்பீர்கள். விமானத்தை அப்படி அண்ணாந்து பார்க்கிற வயசு நமக்குப் போயாச்சு. ஹெலிகாப்டருக்கு மட்டும் அந்த வயசு போகவே மாட்டேங்குது!

நம்ம ஊர்ப் பக்கம் ஹெலிகாப்டர் என்றாலே தேர்தல்தான் ஞாபகத்துக்கு வரும். 2014, 2016 தேர்தல்களில் ஜெயலலிதா ஊர் ஊராக ஹெலிகாப்டரில் பறந்து பிரசாரம் செய்தார். மைதானத்தில் வெள்ளையாக வரைந்த 'ஹெச்', சுற்றிலும் சவுக்குக் கம்புத் தடுப்பு, புழுதி அடங்கத் தெளித்த தண்ணீர். கூட்டம் மொத்தமும் இறங்கி வரும் தலைவரைத்தான் பார்க்கும். ஓட்டிக்கொண்டு வந்தவரை யாரும் பார்த்திருக்க மாட்டோம். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

இரண்டு கை, இரண்டு கால்... நாலுக்கும் வேலை!

ஒரு கற்பனை. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் ஹெலிகாப்டர் நிற்கிறது. கொடைக்கானல் போக வேண்டும். நீங்கள்தான் பைலட்.

முதலில் வலது பக்க சீட்டில் உட்காருங்கள். விமானத்தில் கேப்டன் இடது பக்கம் உட்காருவார். பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் வலது பக்கம். உங்கள் வலது கையில் இருப்பது 'சைக்ளிக்'. இதை எந்தப் பக்கம் சாய்க்கிறீர்களோ, அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் போகும். இடது கையில், சீட்டுக்குப் பக்கத்தில் ஹேண்ட் பிரேக் மாதிரி இருப்பது 'கலெக்டிவ்'. தூக்கினால் மேலே, இறக்கினால் கீழே. கால்களில் இரண்டு பெடல். மேலே இருக்கிற பெரிய ரோட்டார் ஒரு பக்கமாகச் சுற்றும்போது, உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பதுதான் வாலில் இருக்கும் சின்ன ரோட்டார். அதன் கட்டுப்பாடு பெடலில்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிசெய்தாக வேண்டும். கலெக்டிவ்வைத் தூக்கினால் மூக்கு திரும்பும், பெடலை மிதிக்க வேண்டும். பெடலை மிதித்தால் பக்கவாட்டில் நகரும், சைக்ளிக்கைச் சாய்க்க வேண்டும். அந்தரத்தில் அசையாமல் நிற்கிற 'ஹோவர்' பார்க்க சும்மா நிற்பது போலத் தெரியும். உள்ளே இருப்பவரோ விநாடிக்கு விநாடி திருத்திக்கொண்டே இருக்கிறார். கற்றுக்கொள்ளும் எல்லோரையும் முதலில் படுத்தி எடுப்பது இந்த ஹோவர்தான். பல மணி நேரம் கழித்து ஒருநாள், சைக்கிள் ஓட்ட வருகிற மாதிரி, சட்டென்று கைக்கு வந்துவிடும்.

'நடுவானில் இன்ஜின் நின்னுட்டா கல்லு மாதிரி விழுந்துடுமா?' இது எல்லோருக்கும் வருகிற கேள்வி. விழாது. ஆனால் பைலட் ஓரிரு விநாடிக்குள் கலெக்டிவ்வை இறக்கிவிட வேண்டும். அப்போது கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுற்ற வைக்கும், ஆடி மாசத்துக் காத்தாடி போல. இதற்கு 'ஆட்டோரொட்டேஷன்' என்று பெயர். தரை நெருங்கும்போது, அந்தச் சுழற்சியில் மிச்சமிருக்கும் வேகத்தைப் பயன்படுத்தி மெதுவாக இறக்கலாம். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள்.

கால் மணி நேரத்தில் 6,000 அடி

சரி, கிளம்பிவிட்டீர்கள். முதலில் பார்க்க வேண்டியது மலையை அல்ல, மின்கம்பியை. உயரமான கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தொங்கும் கம்பி, பக்கத்தில் போகிறவரை தெரியாது. அதனால் தாழப் பறக்கும் பைலட்டின் கண், கம்பியைத் தேடாமல் கோபுரங்களைத் தேடும்.

கொடைக்கானலுக்கு ரோட்டில் போனால் வத்தலக்குண்டு வழியாகச் சுற்றி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, மூணு மணி நேரம் கிட்ட ஆகும். நேர்க்கோட்டில் சுமார் 45 கி.மீ.தான். ஹெலிகாப்டருக்குக் கால் மணி நேரம். ஆனால், அந்தக் கால் மணி நேரத்தில் நீங்கள் ஏறுவது சுமார் 6,000 அடி.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ரோட்டாருக்குப் பிடிமானம் குறைகிறது, இன்ஜினின் பலமும் குறைகிறது. வெயில் காலத்தில் சூடான காற்று இன்னும் மெலிசு. சமவெளியில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு அசால்ட்டாக எழும்பிய அதே ஹெலிகாப்டர், மலை உச்சியில் நான்கு பேரோடு திணறலாம். அதனால், கிளம்பும் முன்பே பயணிகளின் எடை, எரிபொருள், வெப்பநிலை, உயரம் எல்லாவற்றையும் கணக்குப் போடுவது அன்றாட வேலை. 'சார், நீங்க ஒருத்தர் இறங்கிக்கோங்க' என்று சொல்ல வேண்டிய ஆளும் பைலட்தான்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலையின் இந்தப் பக்கம் வேறொரு ஆபத்தும் உண்டு. மலையைத் தாண்டி வருகிற காற்று, இந்தச் சரிவில் அருவி மாதிரி கீழே இறங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த அருவிக்கு அடியில் மாட்டினால், முழு பலம் கொடுத்தும் ஹெலிகாப்டர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

மேகத்துக்குள் 178 விநாடி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வருகிறது. கொடைக்கானல் இன்னும் 5 நிமிடம்தான். போவீர்களா, திரும்புவீர்களா?

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை, சிறிய விமானத்தில், வெளியே எதுவும் தெரியாதபடி ஓட்ட வைத்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை! வெளியே எதுவும் தெரியாதபோது, நம் உட்காது பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது. சாய்ந்து போகும்போது நேராகப் போகிற மாதிரி இருக்கும். இறங்கும்போது ஏறுகிற மாதிரி இருக்கும். கையை எடுத்தாலே நிலை தவறும் ஹெலிகாப்டரில் இது இன்னும் மோசம்.

கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட்டின் கடைசிப் பயணம் ஞாபகம் இருக்கிறதா? 2020 ஜனவரி 26. மேகத்தைத் தாண்டி 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதாக பைலட் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. 9 பேரும் இறந்தார்கள். அவர் அனுபவமுள்ள பைலட்.

நமக்கு அது குன்னூர். 2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் கிளம்பிய விமானப்படையின் எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் விழுந்ததில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தார்கள். இயந்திரக் கோளாறோ, சதியோ, அலட்சியமோ இல்லை என்றது விசாரணை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போய்விட்டது, பைலட்டுக்குத் திசை உணர்வு குழம்பியது என்பதே அதன் முடிவு. கேதார்நாத் பக்கம் 2022 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் மோசமான வானிலையில் ஹெலிகாப்டர்கள் விழுந்து, இரண்டு முறையும் தலா 7 பேர் இறந்தார்கள்.

எந்த பைலட்டும் சாக வேண்டும் என்று மேகத்துக்குள் போவதில்லை. 'இன்னும் கொஞ்ச தூரம்தானே', 'வி.ஐ.பி காத்திருக்காரே', 'நேத்து போனோமே' என்கிற சின்னச் சின்ன நியாயங்கள்தான் தள்ளிக்கொண்டு போகின்றன. அதனால்தான் ஹெலிகாப்டர் உலகில் 'லேண்ட் அண்ட் லிவ்' என்றே ஒரு பிரசாரம் நடந்தது. இறங்கு, உயிரோடு இரு! விமானத்துக்கு ரன்வே வேண்டும். ஹெலிகாப்டருக்கு ஒரு வயக்காடு போதும். அந்த வசதியைப் பயன்படுத்தத் தயங்குவதுதான் கொல்கிறது.

ஆக, நம் கற்பனைப் பயணத்தில் சரியான விடை: திரும்புங்கள். அதுவும் மேகம் மூடுவதற்கு முன்பே.

அப்புறம் ஏன் இந்த வேலை?

வேறு எதுவும் போக முடியாத இடத்துக்கு இதுதான் போகும் என்பதால்.

2018 ஆகஸ்ட் 17. கேரள வெள்ளத்தில் ஆலுவா அருகே மாட்டிக்கொண்ட நிறைமாத கர்ப்பிணியைக் கடற்படை ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கியது. ஓட்டியவர் கமாண்டர் விஜய் வர்மா. அன்றே கொச்சி கடற்படை மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. பிறகு ஒரு வீட்டின் மொட்டை மாடியில் 'தேங்க்ஸ்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். வானத்திலிருந்து படிக்கிற மாதிரி!

இப்படித் தூக்கும்போது பைலட்டுக்கு நேர் கீழே நடப்பது தெரியாது. கதவோரம் படுத்திருக்கும் சக வீரர், 'முன்னாடி ரெண்டு மீட்டர்... வலது ஒண்ணு... அப்படியே நில்லு' என்று சொல்லச் சொல்ல, அந்தக் குரலை நம்பி அந்தரத்தில் நிற்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கியபோது சாப்பாட்டுப் பொட்டலம் போட்டதும், கர்ப்பிணி உட்படச் சிலரைத் தூக்கி வந்ததும் விமானப்படை ஹெலிகாப்டர்கள்தான். 2024 மார்ச்சில் குன்னூர் காடு எரிந்தபோது, சூலூரிலிருந்து வந்த எம்.ஐ-17, ராட்சச வாளியில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றியது.

ஆனால் தினமும் இப்படி சாகசம் நடக்காது. மும்பை கடலில் இருக்கும் ஓ.என்.ஜி.சி எண்ணெய்க் கிணறுகளுக்கு ஊழியர்களைக் கொண்டுபோய் விடுவது, வி.ஐ.பி வரும்வரை வெயிலில் காத்திருப்பது, வானிலை அறிக்கையை மறுபடி மறுபடி பார்ப்பது என்பதே பெரும்பாலான நாள்கள். கடல் மேல் பறப்பவர்களுக்கு ஒரு தனிப் பயிற்சி உண்டு. ஹெலிகாப்டர் கேபின் மாதிரி ஒரு கூண்டில் கட்டி வைத்து, நீச்சல் குளத்தில் தலைகீழாக முக்குவார்கள். பெல்ட்டைக் கழற்றி வெளியே வர வேண்டும். அதிர்வும், குனிந்தே உட்காருவதும் சேர்ந்து கொடுக்கும் முதுகுவலி, இந்த வேலையோடு வரும் இலவச இணைப்பு!

நீங்களும் ஆகலாமா?

* சிவில் வழி: டி.ஜி.சி.ஏ வழங்கும் கமர்ஷியல் ஹெலிகாப்டர் லைசென்ஸ் தேவை. குறைந்தது 18 வயது, மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகள், 150 மணி நேரப் பறத்தல். 12-ம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் என்பது நீண்டகால விதி. சேரும் முன் இப்போதைய விதியை டி.ஜி.சி.ஏ இணையதளத்தில் சரிபாருங்கள். பெங்களூரில் ஹெச்.ஏ.எல் நிறுவனத்தின் ரோட்டரி விங் அகாடமி இருக்கிறது.

* செலவு: பல லட்சங்கள். லைசென்ஸ் வாங்கியதும் வேலை உறுதி என்று நினைக்காதீர்கள். கம்பெனிகள் அதிகப் பறத்தல் அனுபவம் கேட்கும். அதனால்தான் இந்தத் துறையில் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் அதிகம். கடன் வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

* படை வழி: பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, சம்பளமும் உண்டு. 12-ம் வகுப்புக்குப் பிறகு என்.டி.ஏ, டிகிரிக்குப் பிறகு சி.டி.எஸ், ஏஎஃப்கேட் எனத் தேர்வுகள் உண்டு. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி நம் அரக்கோணத்தில், ஐ.என்.எஸ் ராஜாளி தளத்தில்தான் இருக்கிறது.

* பெண்களுக்கு: 2019 மே மாதம் பாருல் பரத்வாஜ், அமன் நிதி, ஹினா ஜெய்ஸ்வால் மூவரும் எம்.ஐ-17 வி5-ஐ இயக்கினார்கள். இந்திய விமானப்படையில் பெண்கள் மட்டுமே கொண்ட குழு அந்த ரக ஹெலிகாப்டரை இயக்கியது அதுவே முதல்முறை.

உங்க ஊரில் ஹெலிகாப்டர் இறங்கினால்...

* வால் பக்கம் போகவே போகாதீர்கள். சுற்றும்போது வால் ரோட்டார் கண்ணுக்கே தெரியாது.

* பைலட் கைகாட்டும்வரை கிட்டே போகக் கூடாது. போனால் அவர் கண்ணில் படும்படி, முன்பக்கமாக, குனிந்து போங்கள்.

* சரிவான இடமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து வராதீர்கள். அங்கே இறக்கைக்கும் உங்கள் தலைக்கும் இடைவெளி குறைவு.

* தொப்பி, துண்டு, குடை, பாலித்தீன் பை எதுவும் பறக்கக் கூடாது. செல்ஃபி ஸ்டிக்கைத் தலைக்கு மேல் தூக்காதீர்கள். டிரோன் விடவே கூடாது.

என்றாவது ஒருநாள், ரெட்டியார்சத்திரம் பக்கம் ஏதோ ஒரு காட்டில் ஹெலிகாப்டர் திடீரென்று இறங்கி, மேகம் கலைய பைலட் சும்மா உட்கார்ந்திருந்தால், 'ஓட்டத் தெரியாதவர் போல' என்று வீடியோ போட்டுக் கலாய்க்காதீர்கள். அன்று அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். முடிந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். முன்பக்கமாகப் போய்!