பின்கோடு 600-ல தொடங்குது, மாவட்டம் செங்கல்பட்டு... ஆன்லைன் ஃபார்ம் எங்கே குழம்புது?

ஆன்லைன் விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் சரியாகத்தான் நிரப்புறோம். ஆனாலும் சிவப்பு எழுத்தில் 'இன்வாலிட்'னு வந்து நிக்குது. தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கலும் வரலாம்.

மேற்கு தாம்பரம் பின்கோடு 600045. கிழக்கு தாம்பரம் 600059. குரோம்பேட்டை 600044. தபால் கணக்கில் எல்லாமே சென்னை வரிசை. ஆனால் மாவட்டம் செங்கல்பட்டு. 2019 நவம்பருக்கு முன்பு காஞ்சிபுரம். '600-ல் தொடங்கினால் சென்னை மாவட்டம்' என்று ஒரு புரோகிராமர் விதி எழுதிவிட்டால், சரியாக நிரப்பியவரின் விண்ணப்பம்தான் திரும்பி வரும்.

சரிபார்ப்பு எங்கே நடக்கிறது?

இரண்டு இடத்தில். ஒன்று, உங்கள் மொபைல் திரை. இன்னொன்று, சர்வர். திரையில் நடப்பது நம் வசதிக்காகத்தான். விவரம் தெரிந்தவர் அதைத் தாண்டி நேரடியாக சர்வருக்கே தகவல் அனுப்பிவிடலாம். அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன் இருந்தாலும் வீட்டுக் கதவைப் பூட்டுகிறோமே, அது மாதிரி சர்வரிலும் சோதனை வேண்டும்.

சர்வரில் 'முகவரி மாற்று', 'வரி கட்டு' என ஒவ்வொரு வேலைக்கும் தனியாக எழுதப்படும் நிரல் பகுதிதான் 'சர்வீஸ் ஆப்ஜெக்ட்'. ஆப், இணையதளம், இ-சேவை மையம் என எங்கிருந்து தகவல் வந்தாலும் இதன் வழியாகவே போகும்படி அமைத்தால், விதியை இங்கே ஒரே இடத்தில் வைக்கலாம். மாவட்டம் பிரிந்தால் ஒரு திருத்தம் போதும். மூணு இடத்தில் தனித்தனியாக எழுதி வைத்தால், ஏதாவது ஒன்றை மாற்ற மறந்துவிடுவார்கள். அப்புறம் ஆப்பில் செங்கல்பட்டு, கவுன்டரில் காஞ்சிபுரம்!

என்னென்ன பார்க்கும்?

முதலில் வடிவம். வங்கியின் ஐஎஃப்எஸ்சி கோடில் 11 இடங்கள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில 'ஓ' போட்டால் தப்பு. ஆதார் இதைவிடக் கெட்டி. அதன் 12-வது இலக்கம், முந்தைய 11 இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. நெதர்லாந்தின் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-ல் வெளியிட்ட முறை இது. ஒரு இலக்கம் தப்பினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும்.

ஆனால் வடிவம் சரி என்பதால் ஆளும் சரி என்று அர்த்தமில்லை. மின் இணைப்பு எண்ணில் ஒரு இலக்கம் மாறினால், அது வேறு வீட்டு இணைப்பாக இருக்கலாம். பணம் அவர்கள் கணக்கில் போய்விடும். அதனால் அந்த எண் உண்மையில் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று சர்வீஸ் தேடிப் பார்க்க வேண்டும். பணம் கட்டும் முன் திரையில் பெயர் வருவது இதுக்குத்தான். அவசரத்தில் பார்க்காமல் தட்டிவிடாதீர்கள்.

'இன்வாலிட்' வந்தால்?

எந்தக் கட்டத்தில் என்ன தப்பு என்று சொல்வதுதான் நல்ல ஃபார்ம். அப்படிச் சொல்லாதபோது, எப்படியாவது சப்மிட் ஆகட்டும் என்று மாவட்டத்தைச் 'சென்னை' என மாற்றிப் போடாதீர்கள். ஆதாரில் செங்கல்பட்டு என்று இருந்தால், ஆவணம் சரிபார்க்கும்போது அது முரண்பாடாகத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த இணையதளத்தின் உதவி மையத்தில் புகார் பதிவு செய்யலாம்.