விலக்கும் தடையும்: கொச்சித் துறைமுகத்தை முன்வைத்து

கப்பல்களைத் துறையில் நிறுத்திவைக்கும் ஆணையைக் குறித்த 'எம்பார்கோ' ஸ்பானிய மொழிவழி ஆங்கிலம் புக்கது. குறுக்குச்சட்டம் என்பதே அதன் வேர்ப்பொருள் என்பர். 16ஆம் நூற்றாண்டில் கொச்சியில் நிலைகொண்ட போர்ச்சுகீசியர், 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச்சீட்டு இல்லாத கப்பல்களைக் கைப்பற்றினர்.

தமிழிலும் 'விலங்கு' என்னும் வினை குறுக்காதலைச் சுட்டும். அதன் பிறவினையே 'விலக்கு'. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மலையாளம் பேசுவோர்க்கு 'விலக்கு' தடையையே உணர்த்தும். தமிழிலோ, விலக்கப்படும் பொருளே சொற்பொருளைத் தீர்மானிக்கிறது: 'மதுவிலக்கு' தடையாகும், 'வரிவிலக்கு' விடுவிப்பாகும்.

எனவே, ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட 'விலக்கை' மலையாளத்திலிருந்து அவ்வாறே தமிழில் பெயர்ப்பின், தடுக்கப்பட்ட சரக்கு சலுகை பெற்றதாகத் தோன்றும். அதனை நம்பிய வணிகர் சட்டத்தை மீறியவராவார். இத்தகைய இடங்களில் 'தடை' என்று பெயர்ப்பதே ஏற்புடைத்து.