தீப்பொறியின் நேரம்: மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களும் டைமிங்கை மாற்றும் ஒரு கம்பியும்

1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது, தடுக்கப்பட்ட பொருட்களில் பெற்றோலும் இருந்தது. அதன் பிறகு யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். நோயாளியும் பிரசவத்துக்குப் போகும் தாயும் கலியாண மாப்பிள்ளையும் அதே புகையில்தான் பயணித்தார்கள். அந்தக் காலத்தைக் கடந்தவர்களுக்கு அந்த மணம் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கார்கள் ஓடியதைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். எப்படி ஓடின என்பதுதான் அதிகம் எழுதப்படாமல் இருக்கிறது. அதற்கான விடையின் பெரும்பகுதி ஒரு சின்ன விடயத்தில் இருக்கிறது. அது தீப்பொறி விழும் நேரம், கராஜ்களில் சொல்லும் 'டைமிங்'.

டைமிங் என்றால் என்ன?

பெற்றோல் என்ஜினில் பிஸ்ரன் மேலே வரும்போது எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை நெருக்கப்படுகிறது. பிளக்கில் பொறி விழுந்தவுடன் முழுக் கலவையும் ஒரே கணத்தில் எரிந்துவிடாது. தீ பரவ சில மில்லிசெக்கன்கள் வேண்டும். ஆகவே பிஸ்ரன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே பொறி விழ வேண்டும். அப்படிச் செய்வதை 'அட்வான்ஸ்' என்றும், பொறியைப் பிந்த வைப்பதை 'ரிட்டார்ட்' என்றும் சொல்வார்கள்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். என்ஜின் நிமிடத்துக்கு 600 தடவை சுற்றும்போது, ஒரு மில்லிசெக்கனில் கிராங்க் 3.6 பாகை திரும்புகிறது. 3000 தடவை சுற்றும்போது அதே நேரத்தில் 18 பாகை திரும்பிவிடுகிறது. எனவே வேகம் கூடக்கூடப் பொறியும் முந்த வேண்டும்.

இன்றைய வாகனங்களில் இதைக் கணினி செய்கிறது. 1950களின் கார்களில் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகள் வேகத்தால் விரிந்து பொறியை முந்த வைக்கும். பலவற்றில் காபரேற்றரிலிருந்து வரும் சிறு குழாய் ஒன்றும் இதற்கு உதவும். அதற்கும் முந்திய கார்களில் இந்த வேலை முழுவதும் சாரதியின் கையில் இருந்தது. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்ட் மொடல் ரீ காரில் ஸ்ரியறிங்கின் இடப்பக்க நெம்புகோல் டைமிங்குக்கு, வலப்பக்கமுள்ளது எரிபொருளுக்கு. நெம்புகோலைத் தள்ளினால் ஒரு கம்பி அசைந்து, பொறியைப் பங்கிடும் பகுதியைத் திருப்பும். ஹாண்டில் போட்டு ஸ்ராட் செய்யும் முன் அதை ரிட்டார்ட் பக்கம் வைக்க மறந்தால் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கை முறியக்கூடிய உதை அது.

மண்ணெண்ணெய்க்கு ஏன் வேறு டைமிங்?

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு பெற்றோலைவிட மிகக் குறைவு. நெருக்கமும் சூடும் கூடும்போது, தீ பரவி வந்து சேரும் முன்னரே மிச்சக் கலவை தானாக வெடித்துவிடும். அப்போது கேட்கும் 'டொக் டொக்' சத்தத்தைத்தான் 'இடிக்குது' என்கிறோம். அது நீடித்தால் பிஸ்ரன் உடையும், கஸ்கற் போகும். பொறியைப் பிந்த வைத்தால் உள்ளே அமுக்கம் குறைந்து இடிப்பு அடங்கும். அதற்கு விலையும் உண்டு. இழுவை குறையும், என்ஜின் சூடாகும், எக்ஸோஸ்ற் வால்வு எரியும்.

இங்கேதான் சிக்கல். பெற்றோலில் ஸ்ராட் செய்யும்போது ஒரு டைமிங், மண்ணெண்ணெயில் ஓடும்போது இன்னொன்று, பாரத்தோடு இழுக்கும்போது வேறொன்று. டிஸ்ரிபியூட்டரை ஓரிடத்தில் இறுக்கிவிட்டால் மூன்றுக்கும் ஒத்துவராது. லூகாஸ் நிறுவனத்தின் பல டிஸ்ரிபியூட்டர்களில் கையால் திருகும் சிறு நட் ஒன்று உண்டு. ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் ஒரு பாகைக்கும் மிகக் குறைவாகவே டைமிங் மாறும். அதைத் திருக பொனற்றைத் திறந்து இறங்க வேண்டும். ஓடும்போதே மாற்ற வேண்டுமென்றால் சாரதியின் கைக்கு எட்டும் ஒரு இணைப்பு தேவை.

இணைப்பைச் செய்வது எப்படி?

பழைய காரைப் பராமரிக்கும் ஒருவர் சாதாரண கராஜில் இதைச் செய்துகொள்ளலாம்.

முதலில் அடையாளம். எதையும் கழற்றும் முன் டிஸ்ரிபியூட்டரிலும் என்ஜினிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பொயின்ற் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். லூகாஸ் வகைகள் பலவற்றில் அது 0.014 முதல் 0.016 அங்குலம். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

இரண்டாவது, கை. டிஸ்ரிபியூட்டரின் உடலைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டியைப் போட்டு, அதிலிருந்து நீளும் கை ஒன்றை ஒட்ட வேண்டும். பட்டியைத் தனியாக எடுத்து வெல்டிங் செய்யுங்கள். டிஸ்ரிபியூட்டரில் வைத்துக்கொண்டு செய்யக்கூடாது. மையத்திலிருந்து கம்பி பூட்டும் துளைவரை 50 மில்லிமீற்றர் என்று வைத்தால், 1 பாகைக்குக் கம்பி ஏறத்தாழ 0.87 மில்லிமீற்றர் நகரும். டிஸ்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அதில் 1 பாகை என்பது கிராங்கில் 2 பாகை. ஆகவே கிராங்கில் 20 பாகை மாற்றத்துக்குக் கம்பி 9 மில்லிமீற்றர் அளவு நகர்ந்தால் போதும். கை இதைவிடக் குட்டையானால் கம்பியின் சிறு தளர்வும் டைமிங்கைக் குழப்பும்.

மூன்றாவது, கம்பி. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிள் இதற்குப் போதும். அது இழுக்கும், தள்ளாது. எனவே எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் வேண்டும். இழுத்தால் அட்வான்ஸ், விட்டால் ரிட்டார்ட் என்று அமைப்பதே பாதுகாப்பு. கேபிள் அறுந்தாலும் என்ஜின் இடிக்காது, ஹாண்டில் போடுபவரின் கையும் தப்பும். நகர்வின் நடுவில் கையும் கேபிளும் செங்கோணத்தில் இருக்கட்டும்.

நான்காவது, தடுப்பு. இரு முனையிலும் போல்ற் ஒன்றால் எல்லை வையுங்கள். எல்லையில்லாத இணைப்பு ஒரு குழியில் விழுந்து எழும்பும்போதே என்ஜினைக் கெடுத்துவிடும்.

ஐந்தாவது, இறுக்கம். டிஸ்ரிபியூட்டர் கையால் திரும்ப வேண்டும், அதிர்வில் ஆடக்கூடாது. கிளாம்ப் போல்றை முழுதாகத் தளர்த்தாமல், ஒரு ஸ்பிரிங் வாசர் போட்டு மெல்லிய கிறீஸ் பூசலாம். பிளக் வயர்களுக்கும் கொயில் வயருக்கும் திரும்பும் அளவுக்கு நீளம் விடுங்கள். வெற்றிடக் குழாய் இரும்பானால் நடுவில் றப்பர் துண்டு போட வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

12 வோல்ற் காருக்கு அதே வோல்ற்றில் ஒரு சிறு பல்ப் போதும். ஒரு வயரைக் கொயிலின் டிஸ்ரிபியூட்டர் பக்க முனையிலும் மற்றதை எர்த்திலும் கொடுத்து, சாவியைப் போடுங்கள். பொயின்ற் மூடியிருக்கும்வரை பல்ப் எரியாது. திறக்கும் கணத்தில் எரியும். அதுவே பொறி விழும் நேரம். புளி அடையாளத்தைப் பார்த்தபடி கேபிளை இழுத்து, ஒவ்வொரு நிலைக்கும் டாஷ்போர்டில் ஒரு கோடு போடுங்கள். டிஸ்ரிபியூட்டர் உடலை ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட். ஓட்டும்போது இடிக்கும் சத்தம் கேட்டால் உடனே சற்று விடுங்கள்.

நமது கரையில்

செட்டிபாளையம் கடலுக்கும் வாவிக்கும் இடையிலான ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. இங்கு எந்தக் கேபிளும் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பதால், உறைக்குள் அடிக்கடி எண்ணெய் விட வேண்டும். பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாறுவதும் கரையோர மக்களுக்குப் புதிதல்ல. மீன்பிடிப் படகுகளின் மண்ணெண்ணெய் என்ஜின்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. ஏ-40 அப்படியல்ல. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் கீழே வடிந்து என்ஜின் ஒயிலை நீர்க்க வைக்கும். வழமையைவிட விரைவாக ஒயில் மாற்றாதவர்களின் பெயாரிங்குகள் தேயும்.

2022இல் எரிபொருள் வரிசைகள் மீண்டும் வந்தபோது பலர் பழைய உபாயங்களைத் தேடினார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்ததில் அந்த வழியும் சுருங்கியது. படகை நம்பிய குடும்பங்களைத்தான் அது முதலில் அடித்தது.

போரில் நாம் இழந்தவற்றின் பட்டியல் நீளமானது. அதற்குள் உயிர்தப்பக் கற்றுக்கொண்டவை பெரும்பாலும் கைகளில்தான் இருக்கின்றன, தாள்களில் இல்லை. அந்தக் கைகளுக்கு வயதாகிறது. உங்கள் ஊரில் அந்நாளில் கராஜ் வைத்திருந்த ஐயா ஒருவர் இருந்தால், எந்தக் காரில் டிஸ்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினார், ஒயிலை எத்தனை நாளில் மாற்றினார், எந்த என்ஜின் தாங்கவில்லை என்று கேட்டு எழுதிவையுங்கள். காரை விற்கும் முன், அதன் டிஸ்ரிபியூட்டரில் யாரோ கீறிவைத்த கோட்டையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.