வராகனெடையும் கிராமும்

கொடைரோட்டில் ரயிலைவிட்டு இறங்குவோர் பெரும்பாலும் கொடைக்கானல் ஏறுவதற்கே இறங்குகின்றனர். ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் பழனிமலை. இரண்டும் மூலிகைக்குப் பேர்போனவை. வேலியில் படரும் குன்றிக்கொடியை இப்பக்கத்தில் காணாதோர் குறைவு. தமிழ் மருத்துவத்தின் எடைக் கணக்கில் அந்தச் செம்மணி ஓர் அடிப்படை அளவு. (எடைக்கல்லாக நின்ற அம்மணியே, உடைத்துத் தின்றால் கொடிய நஞ்சு என்பதையும் சொல்லிவிடுவோம்.)

குன்றிமணியைக் கிராமுக்கு மாற்றுவது எளிதென்று தோன்றும். ஆனால் நடுவண் அரசின் சித்த மருந்துச் செய்முறைத் தொகுப்பு ஒரு குன்றியை 130 மில்லிகிராம் என்கிறது; அதே அரசின் ஆயுர்வேதத் தொகுப்பு 125 என்கிறது. கொடி ஒன்று, மணி ஒன்று, எடை இரண்டு. 130 என்பது ஏறத்தாழ இரண்டு ஆங்கில கிரெயின். வெள்ளைக்காரர் மருந்தகத்துத் தராசின் நிழல் நம் அட்டவணையில் விழுந்திருக்கிறது என்பது எங்கள் ஊகம். வலிக்கு விழுங்கும் மாத்திரையில் 325 மில்லிகிராம் என்ற விசித்திர எண் அமைந்ததும் ஐந்து கிரெயினிலிருந்துதான்.

இதைவிடக் கவலை தருவது வராகனெடை. 1813-இல் சென்னையில் வெளியான தம் மருந்துப்பொருள் நூலில், கும்பினி மருத்துவர் ஒயிட்லா எயின்ஸ்லி, தமிழ் வைத்தியர் தரும் அளவுகளைப் 'பகோடா எடை'யில் குறித்துவைத்தார். பகோடா என்பது நம் வராகன் நாணயமே. சென்னைக் கடைத்தெரு வாய்ப்பாட்டில் 10 வராகனெடை ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை. அந்தப் பலம் இன்றைய கணக்கில் சுமார் 35 கிராம்; எனவே வராகனெடை மூன்றரைக் கிராம்.

சித்தத் தொகுப்பும் பலத்தை 35 கிராம் என்றே கொள்கிறது. வராகனெடையை மட்டும் 4.2 கிராம் என்கிறது. 32 குன்றி ஒரு வராகனெடை என்னும் வைத்தியர் கணக்கைப் பின்பற்றினால் இந்த எண் கிடைக்கும். ஆக, கடைக்காரர் பலமும் வைத்தியர் வராகனும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன.

எல்லாச் சரக்கையும் பலத்திலேயே சொல்லும் செய்முறைக்கு இதனால் கேடில்லை, விகிதம் மாறாது. இரண்டும் கலந்து வருமிடத்தில்தான் ஆபத்து. ஒரு பலம் சரக்குக்கு ஒரு வராகனெடை பாஷாணம் என்று சுவடி சொல்வதாக வைத்துக்கொள்வோம். பழைய வாய்ப்பாட்டில் அது பத்துக்கு ஒன்று. அச்சிட்ட அட்டவணையை நம்பினால் 35 கிராமுக்கு 4.2, நஞ்சு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கடுக்காய்க்கு இது பொருட்டல்ல, வீரத்துக்கும் எட்டிக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

1956-இல் எடையளவுச் சட்டம் வந்து, சில ஆண்டுகளில் சேரும் வீசையும் கடைகளை விட்டு நீங்கின. சுவடிகளை விட்டு நீங்கவில்லை. அவற்றைப் பதிப்பிப்போர் கிராமை மட்டும் அச்சிட்டு மூலச்சொல்லை விட்டுவிடும் வழக்கம் நமக்கு உவப்பில்லை. பலம் என்றிருந்தால் பலம் என்றே அச்சிட்டு, எந்த ஊர்ப் பலம், எத்தனை வராகன் என்பதைப் பக்கத்தில் குறிக்கட்டும்.